மாத்திரை போகும் வழி, பாடம் தங்கும் வழி: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதி மருந்து பற்றியவை. மீதி, வயது ஏறிய பிறகு படிப்பது பற்றியவை. இரண்டையும் ஒன்றாகவே கேட்டவர்களும் இருக்கிறார்கள். அதனால் பிரிக்காமல் வந்த வரிசையிலேயே பதில் தருகிறோம்.

காலையில் தைராய்டு மாத்திரை, பி.பி. மாத்திரை, கால்சியம், கேஸ் மாத்திரை என்று ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் எழுந்ததும் காபியோடு விழுங்கிவிடுகிறேன். ஆறு மாதமாக டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இறங்கவே இல்லை. டாக்டர் 75-ஐ 100 ஆக்கிவிட்டார். எங்கே தப்பு?
— இல்லத்தரசி, 58 வயது, தேனி

தப்பு அந்தக் கைப்பிடியில்தான். தைராய்டு மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்சின் மைக்ரோகிராம் கணக்கில் வேலை செய்யும் மருந்து. 100 மைக்ரோகிராம் என்றால் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. அது வயிற்றில் கரைந்து, சிறுகுடலின் சுவர் வழியாக ரத்தத்துக்குள் போக வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் ஏறக்குறைய முக்கால் பங்கு உள்ளே போகும். கூடவே கால்சியம் போனால் குடலிலேயே அது மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். காபி உறிஞ்சலைக் குறைக்கும். கேஸ் மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் மாத்திரை சரியாகக் கரையாமல் போகலாம். உங்கள் கைப்பிடியில் குற்றமற்றது பி.பி. மாத்திரை ஒன்றுதான்.

இப்படி மாற்றிப் பாருங்கள். எழுந்ததும், ஐந்தரை என்று வையுங்கள், தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். காபி ஆறரைக்கு. அரை மணி நேரம் போதும் என்பவர்களும் உண்டு, ஒரு மணி நேரம் விட்டால் கவலையில்லை. டிபனுக்கு அரை மணி முன்பு கேஸ் மாத்திரை. பி.பி. மாத்திரை டிபனுக்குப் பிறகு, தினமும் ஒரே நேரத்தில். கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நடுவே நாலு மணி நேரமாவது இருக்க வேண்டும். விடிந்ததும் காபி இல்லாமல் முடியவே முடியாது என்பவர்களுக்கு இன்னொரு வழி: இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது தைராய்டு மாத்திரை. டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. டோஸ் 100-க்கு ஏறியது, மருந்து பாதி வீணாகிக்கொண்டிருந்தபோது. இனி முழுதாக உள்ளே போனால் அது அதிகமாகிவிடலாம். படபடப்பு, தூக்கமின்மை, காரணமில்லாமல் எடை குறைவது என்று தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். நேரத்தை மாற்றியதை டாக்டரிடம் சொல்லி, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள். பத்து நாளில் பார்த்தால் லேபுக்குக் கொடுத்த பணம்தான் வீண். இந்த மருந்தின் அரையாயுள், அதாவது உடம்பில் இருக்கும் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் ஏழு நாள். புது அளவில் நிலைபெற அதைப்போல் ஐந்து மடங்கு, 35 நாள், ஆகும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அதற்கேற்ப டி.எஸ்.எச். சுரப்பை மாற்றிக்கொள்ள இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும்.

டி.ஃபார்ம் முடித்து 15 வருடம் மெடிக்கல் ஷாப்பில் இருந்துவிட்டு, 41 வயதில் லேட்டரல் என்ட்ரியில் பி.ஃபார்ம் படிக்கிறேன். ஃபார்மகோகைனடிக்ஸ் (மருந்து உடம்பில் ஏறி, பரவி, வெளியேறும் கணக்கு) என்றாலே நடுக்கம். மூன்று தடவை படித்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டாலும் பரீட்சை அறையில் ஒன்றும் வருவதில்லை. வயசுதான் காரணமா?
— மாணவர், சேலம்

இல்லை, மஞ்சள் பேனா. மூன்றாவது தடவை படிக்கும்போது வரிகள் பழகிப்போயிருக்கும். பழகியதைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்வதுதான் பெரியவர்கள் படிப்பில் அடிக்கடி நடக்கும் ஏமாற்றம்.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப நாலு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவு ஒருமுறை படித்துவிட்டு, அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது படித்தவர்கள்தான் முன்னால்: 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. உங்கள் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

ஆகவே இன்று இரவு ஒரே ஒரு தலைப்பை எடுங்கள். பதினைந்து நிமிடம் படியுங்கள். புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள், படமும் வரையுங்கள். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையால் மட்டும் சேருங்கள். மறுநாள் புத்தகத்தைத் தொடாமல் அதே தாளை மறுபடி எழுதுங்கள். அடுத்தது நாலாம் நாள், அதற்கடுத்தது பத்தாம் நாள். பரீட்சை எத்தனை தள்ளி இருக்கிறதோ இடைவெளியையும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம். ஒரு மாதம் இருந்தால் நாலைந்து நாளுக்கு ஒருமுறை என்பது நல்ல கணக்கு. எழுதும்போது திணறுவீர்கள், எரிச்சல் வரும். அந்தத் திணறலில்தான் பாடம் படிகிறது, அதனால் உடனே புத்தகத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு நிமிடமாவது யோசியுங்கள்.

அடுத்து, ஃபார்மகோகைனடிக்ஸில் நடுக்கம் தரும் மூன்று சொற்கள்: வால்யூம் ஆஃப் டிஸ்ட்ரிபியூஷன், கிளியரன்ஸ், அரையாயுள். எண்ணோடு பார்த்தால் பயம் போய்விடும்.

500 மில்லிகிராம் மருந்தை ஊசி வழியாக நேரே ரத்தத்தில் செலுத்துகிறோம். அந்தக் கணத்தில் ரத்தத்தில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் இருந்ததாகக் கணக்கு வருகிறது. 500-ஐ 10-ஆல் வகுத்தால் 50 லிட்டர். இதுதான் வால்யூம் ஆஃப் டிஸ்ட்ரிபியூஷன். உடம்புக்குள் 50 லிட்டர் தொட்டி ஒன்றும் கிடையாது. மருந்து எவ்வளவு தூரம் ரத்தத்தை விட்டுத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் ஒளிந்துகொண்டது என்பதைச் சொல்லும் கற்பனை எண் இது. டிகாக்சின் என்ற இதய மருந்துக்கு இது சுமார் 500 லிட்டர். அவ்வளவு பெரிய மனிதன் ஏது? அந்த மருந்து இதயத் தசையிலும் எலும்புத் தசையிலும் போய் ஒட்டிக்கொள்கிறது, ரத்தத்தில் மிச்சம் இருப்பது சொற்பம். அளவு மிஞ்சிப் போனால் டயாலிசிஸ் செய்தாலும் பலன் இல்லாததற்குக் காரணம் இதுவே. மெஷின் கழுவுவது ரத்தத்தை, மருந்து இருப்பதோ வேறிடத்தில்.

கிளியரன்ஸ் என்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் ரத்தம் மருந்தில்லாமல் சுத்தமாகிறது என்ற வேகம். நம் எடுத்துக்காட்டில் 5 லிட்டர் என்று வையுங்கள். அரையாயுள் = 0.693 × 50 ÷ 5 = ஏறக்குறைய 7 மணி நேரம். நிலையான அளவை எட்ட ஐந்து அரையாயுள், 35 மணி நேரம். சிறுநீரகம் பழுதாகிக் கிளியரன்ஸ் 2.5 ஆகக் குறைந்தால் அரையாயுள் 14 மணி நேரமாகும். அதே டோஸில் ரத்த அளவு இரட்டிப்பாகும்.

மாணவர்கள் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது, அரையாயுள்தான் கிளியரன்ஸைத் தீர்மானிப்பதாக எழுதுவது. அது நேர்மாறு, வால்யூமும் கிளியரன்ஸும் சேர்ந்து அரையாயுளைத் தீர்மானிக்கின்றன. இரண்டாவது லோடிங் டோஸ். லிட்டருக்கு 8 மில்லிகிராம் வேண்டுமென்றால் 8 × 50 = 400 மில்லிகிராம் முதல் டோஸ். பராமரிப்புக்கு 8 × 5 = மணிக்கு 40 மில்லிகிராம். சிறுநீரகம் கெட்டால் குறைப்பது இரண்டாவதை. முதல் டோஸ் பொதுவாக அப்படியே இருக்கும், ஏனென்றால் அது தொட்டியை நிரப்புவது, ஓட்டையை ஈடுகட்டுவது அல்ல. ஃபினிட்டாயின் என்ற வலிப்பு மருந்துக்கு மட்டும் தனிக் குறிப்பு அட்டை எழுதி வையுங்கள். அதைச் சிதைக்கும் என்சைம் சீக்கிரமே நிரம்பிவிடுவதால், 300 மில்லிகிராமை 400 ஆக்கினால் ரத்த அளவு மூன்றில் ஒரு பங்கு ஏறுவதோடு நிற்காது, எகிறிவிடும்.

கணக்குகளுக்கு இன்னொரு உத்தி. தீர்த்துவைத்த கணக்கு ஒன்றை முழுசாகப் படியுங்கள். அடுத்ததில் கடைசிப் படியை மறைத்துவிட்டு நீங்களே போடுங்கள், அதற்கடுத்ததில் கடைசி இரண்டு படிகளை. நாலாவது கணக்கை முதலிலிருந்து நீங்களே போடுவீர்கள். அதன்பின் ஊசிக் கணக்கு, டிரிப் கணக்கு, பல டோஸ் கணக்கு என்று கலந்து போட்டுப் பாருங்கள். வினாத்தாளில் எந்த ஃபார்முலா என்று யாரும் எழுதித் தருவதில்லை.

உங்களுக்கு இருபது வயதுப் பையன்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நின்ற 15 வருட அனுபவம். 1970-களில் மால்கம் நோல்ஸ் பெரியவர்களின் கல்வி பற்றி எழுதியபோது அழுத்திச் சொன்னதும் இதைத்தான். பெரியவர்கள் புது விஷயத்தைத் தங்கள் அனுபவத்தில் மாட்டித்தான் நிறுத்துகிறார்கள். ‘இந்த மாத்திரை மட்டும் ஏன் ஒரு நாளைக்கு மூணு வேளை?’ என்று வாடிக்கையாளர் கேட்பதை அட்டையின் முன்பக்கம் எழுதுங்கள். பின்பக்கம் அரையாயுளோடு பதிலை எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேறுபாடு. நினைவும் மருந்தும் இரண்டுமே நேரம் போகப் போக வடிந்துவிடும், இரண்டுக்கும் இடைவெளிவிட்டு டோஸ் தர வேண்டும். ஆனால் நூறாவது டோஸிலும் மருந்தின் அரையாயுள் பெரும்பாலும் அதேதான். நினைவின் அரையாயுள் ஒவ்வொரு முறை முயன்று நினைவுகூரும்போதும் நீள்கிறது. அதனால்தான் இடைவெளியை 1, 4, 10 என்று விரித்துக்கொண்டே போகச் சொல்கிறோம்.

நான் ‘பார்த்துக் கற்கும்’ வகை என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். வீடியோ மட்டும் பார்த்துப் படிக்கலாமா?
— வாசகர், புதுச்சேரி

வேண்டாம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று ஆட்களைப் பிரித்து அதற்கேற்பச் சொல்லித் தந்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2008-இல் உளவியலாளர்கள் குழு ஒன்று ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து எழுதிவிட்டது. எந்த வழி என்பதைப் பாடம் தீர்மானிக்கட்டும். இதயத்தின் அறைகளைப் படமாகப் பாருங்கள், ஸ்டெதஸ்கோப் ஒலியைக் காதால் கேளுங்கள். வீடியோவானாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பார்த்ததை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பக்கவாதம் வந்த அப்பாவால் மாத்திரையை விழுங்க முடியவில்லை. இடித்துத் தேனில் குழைத்துத் தருகிறோம். சரியா?
— வாசகி, நாகர்கோவில்

சில மாத்திரைகளுக்குச் சரி, சிலவற்றுக்கு ஆபத்து. அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும்படி செய்த மாத்திரை. இடித்தால் நாள் முழுக்க வர வேண்டியது ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். பி.பி. மாத்திரையானால் மயக்கம், வலி மாத்திரையானால் இன்னும் மோசம். பான்டோப்ரசோல் மாதிரியான கேஸ் மாத்திரைகளுக்கு வெளிப்பூச்சு இருக்கிறது, அமிலம் மருந்தை அழித்துவிடாமல் சிறுகுடல் வரை கொண்டுசேர்க்க. அதை இடித்தால் மருந்து வயிற்றிலேயே செத்துவிடும்.

மாத்திரை நடுவில் கோடு இருந்தால் பாதியாக உடைக்கலாம். உடைப்பது வேறு, இடிப்பது வேறு. எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, சாதா மாத்திரையாகவோ சிரப்பாகவோ மாற்றித் தரக் கேளுங்கள். எஸ்.ஆர். மாத்திரையைச் சாதாவாக மாற்றினால் ஒரு வேளை இரண்டு மூன்று வேளை ஆகும், அளவும் மாறும். எஸ்.ஆர். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் சிலருக்கு மலத்தில் முழு மாத்திரை மாதிரி ஒன்று வெளியே வரும். பயப்பட வேண்டாம்; மருந்து இறங்கிவிட்டது, வந்தது வெறும் கூடு. மூக்குக் குழாய் வழியாகத் தருவதாக இருந்தால் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகக் கரைத்து, நடுவே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கினால் குழாய் அடைத்துக்கொள்ளும். விழுங்கவே திணறுகிறவருக்குத் தேன் குழைத்ததும் புரையேறலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆகும் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் போடச் சொல்லித் தருகிறேன். ‘புரிஞ்சுதாம்மா?’ என்றால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். பத்து நாளில் 400 சர்க்கரையோடு திரும்பி வருகிறார்கள். நான் என்ன செய்ய?
— செவிலியர், ஈரோடு

‘புரிஞ்சுதா’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். நம் ஊரில் அதற்கு ஒரே பதில்தான், அது மரியாதைக்காகச் சொல்வது. அதற்குப் பதிலாக: ‘நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும்மா. வீட்ல உங்க பொண்ணு கேட்டா எப்படிப் போடணும்னு சொல்லுவீங்க? செஞ்சே காட்டுங்க.’ சோதிக்கப்படுவது நோயாளி அல்ல, நீங்கள் சொன்ன விதம் என்று வரும்போது அவர் வெட்கப்பட மாட்டார். தப்பாகச் செய்தால் அந்த ஒரு படியை மட்டும் மறுபடி காட்டி, மறுபடி செய்யச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் அவசரத்தில் ஒரே மூச்சாகச் சொல்லாமல், அட்மிஷன் ஆன மறுநாளிலிருந்தே ஒவ்வொரு ஊசியையும் அவர் கையாலேயே போடவையுங்கள். நாலு நாளில் எட்டு தடவை ஆகிவிடும்.

எதைச் சொல்லித் தருவது என்பதில் சிரிஞ்சுக்கு முதலிடம். நம் கடைகளில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. 40 இன்சுலினை 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். உங்கள் 400 சர்க்கரைக்கு இதுவே காரணமாக இருக்கலாம். திருப்பி நடந்தால் இன்னும் கொடுமை: 100 இன்சுலினை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட், இரண்டரை மடங்கு. குப்பியையும் சிரிஞ்சையும் கையில் கொடுத்து, ‘ரெண்டும் ஜோடியா?’ என்று அவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வேண்டுமென்றே ஒருமுறை தப்பான ஜோடியைக் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, இடம். வயிற்றில் போட்டால் வேகமாக ஏறும், தொடையில் மெதுவாக. ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி வரும். அங்கே வலிக்காது என்பதால் நோயாளி அங்கேயே குத்துவார். ஆனால் அதற்குள் போன மருந்து எப்போது எவ்வளவு ரத்தத்தில் ஏறும் என்று சொல்ல முடியாது. கையால் தடவிப் பார்க்கப் பழக்குங்கள். கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே டோஸில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல்கடை விட்டு, ஒவ்வொரு நாளும் ஒரு விரல்கடை தள்ளித் தள்ளி.

மூன்றாவது கலக்குவது. பால் மாதிரி இருக்கும் இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து இருபது முறை உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. இன்சுலின் பேனாவானால் 2 யூனிட் காற்றில் விட்டுப் பார்த்து, குத்திய பிறகு பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்காமல் இருக்க வேண்டும். வைக்கும் இடத்தை மறுநாள் சொல்லலாம்: ஃப்ரீசரில் உறைந்தது குப்பைக்கு, திறந்த குப்பி பெரும்பாலும் 28 நாள், ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணலில் வைத்த மண்பானை உதவும்.

கேஸ் மாத்திரையின் அரையாயுள் ஒரு மணி நேரம் என்று படித்தேன். பிறகு எப்படி ஒரு நாளைக்கு ஒன்று போதும்?
— கல்லூரி மாணவி, மதுரை

மருந்து போய்விட்டாலும் அது செய்த வேலை நிற்கிறது. பான்டோப்ரசோல் அமிலம் சுரக்கும் பம்புகளோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். புதுப் பம்புகள் உருவாகும்வரை சுரப்பு குறைவாகவே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பம்பில்தான் ஒட்டும், அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. ஆஸ்பிரின் இன்னும் வேடிக்கை: ரத்தத்தில் இருப்பது அரை மணி நேரத்துக்கும் குறைவு, ஆனால் அது முடக்கிய தட்டணுக்கள் (ரத்தத்தை உறையவைப்பவை) சாகும்வரை, ஏழு முதல் பத்து நாள், முடங்கியே இருக்கும். ஸ்டென்ட் வைத்தவர்கள் பல் பிடுங்குவதற்காக அதைத் தாங்களே நிறுத்திவிடக் கூடாது.

காய்ச்சல் சிரப்பைக் குழந்தைக்கு 5 மில்லி கொடுக்கச் சொன்னார்கள். கடையில் வேறு பாட்டில் தந்தார்கள். அதே 5 மில்லி போதுமா?
— தாய், திருவாரூர்

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பாராசிட்டமால் 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்று ஒன்று, 250 மில்லிகிராம் என்று இன்னொன்று, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். கணக்கு எடைக்குத்தான்: ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு 120 முதல் 180. முதல் பாட்டிலில் 5 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. சொட்டு மருந்தை 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போகும், அது பெரியவர்கள் மாத்திரை அளவு. அடுத்த டோஸுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம், ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். வீட்டுக் கரண்டியால் அளக்காதீர்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. பாட்டிலோடு வந்த மூடி அல்லது ஊசியில்லாத சிரிஞ்ச். சளி சிரப்பும் கூடவே தருகிறீர்கள் என்றால் அதன் லேபிளையும் படியுங்கள், பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும்.